கலைச்சொல் வேண்டும்: 'ரீசனபிள் காஸ்ட்ஸ்' (வெள்ளிக்குள்)

மொழிபெயர்ப்பவள் எழுதியது:

குழுவினருக்கு வணக்கம். 40 பக்கக் காப்பீட்டுப் பத்திரம் ஒன்று கையில் இருக்கிறது. வெள்ளி மாலை அனுப்பியாக வேண்டும். 'ரீசனபிள் காஸ்ட்ஸ்' 31 இடங்களில் வருகிறது. முதல் பத்து இடங்களில் 'நியாயமான செலவு' என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிட்டேன். பதினோராவது இடத்தில் 'ஃபேர் அண்டு ரீசனபிள்' என்று இரண்டும் கைகோத்து வந்து நிற்கின்றன. 'நியாயமானதும் நியாயமானதும்' என்று எழுதினால் எனக்குக் கூலி வராது. ஃபேருக்கு நியாயத்தைக் கொடுத்துவிட்டால் ரீசனபிளுக்கு என்ன மிச்சம்?

வேர்தேடி எழுதியது:

நியாயம் வடசொல், ஃபேருக்கே இருக்கட்டும். நமக்கு இருக்கவே இருக்கிறது 'தகு'. 'தகுசெலவு' என்று வையுங்கள். வினைத்தொகை என்பதால் தகுந்த, தகுகின்ற, தகும் என மூன்று காலமும் அதற்குள் அடக்கம். சுடுகாட்டில் சுட்டதும் சுடுவதும் இனிச் சுடப்போவதும் அடங்கவில்லையா? ஃபிடிக் என்னும் பன்னாட்டுப் பொறியாளர் கூட்டமைப்பின் மாதிரிக் கட்டுமான ஒப்பந்தங்களில் 'காஸ்ட்' என்பதற்கு வரையறை எழுதும்போது, ஏற்பட்ட செலவு, ஏற்படவிருக்கும் செலவு என்று இரண்டையும் விரித்துச் சொல்ல வேண்டியிருந்தது. தமிழில் ஓர் ஈரெழுத்து வினையடி அந்த வேலையை முடித்துவிடுகிறது.

இழப்பீட்டாளர் எழுதியது:

காப்பீட்டுப் பத்திரத்துக்குச் சுடுகாட்டை எடுத்துக்காட்டாகத் தந்த ஐயாவுக்கு நன்றி. ஆனால் ஃபிடிக்கில் காலம் ஒட்டிக்கொண்டிருப்பது செலவு ஏற்படுவதோடு, தகுதியோடு அன்று. நீங்கள் சொல்லும் வினைத்தொகையில் காலம் தவறான வினையின் மேல் உட்கார்ந்திருக்கிறது.

சொல் இருக்கட்டும், முதலில் பொருளைப் பார்ப்போம். இழப்பீட்டுக் கோரிக்கைகளைப் பார்ப்பதே என் வேலை. ஒரு கிடங்கில் இரவு இரண்டு மணிக்குக் குழாய் உடைகிறது. சரக்கு நனைகிறது. உரிமையாளர் கிடைத்த பம்பை, கேட்ட வாடகைக்கு எடுத்து நீரை இறைக்கிறார். விடிந்தபின் எடுத்திருந்தால் வாடகை பாதிதான். இப்போது கோப்பில் இரண்டு கேள்விகள் எழும். அந்த நேரத்தில் பம்பு எடுத்தது சரியா? எடுத்தது சரியென்றால், கொடுத்த தொகை சரியா? முதலாவது முடிவைப் பற்றியது, இரண்டாவது அளவைப் பற்றியது. இங்கிலாந்தின் உரிமையியல் நடைமுறை விதிகள் வழக்குச் செலவை மதிப்பிடும்போதும் இப்படித்தான் பிரித்துக் கேட்கின்றன. 'தகுசெலவு' இரண்டையும் ஒரே பொட்டலமாகக் கட்டிவிடுகிறது.

பழம்புலவர் எழுதியது:

எந்தச் சொல்லையும் எதிர்மறையாக்கிப் பார்த்த பிறகே ஏற்க வேண்டும் என்பது என் வழக்கம். தகுசெலவின் எதிர்மறை 'தகாச் செலவு'. தகாத உறவு, தகாத பேச்சு என்று நாளிதழ் படிக்கும் எவரும், கிடங்குக்காரர் இரவு இரண்டு மணிக்குப் பம்பு எடுக்கத்தான் வெளியே போனாரா என்று ஐயப்படுவார். 'ஏற்புடைய செலவு' என்பது கண்ணியமாக இருக்கும்.

இழப்பீட்டாளர் எழுதியது:

புலவர் ஐயா, யாருக்கு ஏற்புடைய? அங்கேதான் ஆபத்து. 'ஏற்பு' என்றவுடன் நிறுவனத்தின் அதிகாரி மனம் வைத்து ஏற்றால் உண்டு என்று ஆகிவிடும். ரீசனபிள் என்பது எந்தத் தரப்பின் விருப்பமும் அன்று. அதே நிலையில் விவரம் தெரிந்த ஒருவர் என்ன செய்திருப்பார் என்ற வெளி அளவுகோல் அது. 1906ஆம் ஆண்டு ஆங்கிலேயக் கடல்சார் காப்பீட்டுச் சட்டத்தின் 88ஆம் பிரிவைப் பாருங்கள். ரீசனபிள் காலம், பிரீமியம், முனைப்பு எதுவானாலும், எது ரீசனபிள் என்பது ஒவ்வொரு நிகழ்விலும் உண்மை நிலவரத்தைக் கொண்டு முடிவு செய்ய வேண்டியது என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது. வரையறுக்க அவர்களுக்கே துணிவில்லை.

'அளவான செலவு', 'சிக்கனச் செலவு' என்று யாராவது தொடங்குவதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: இருப்பதிலேயே மலிவானது என்று இதற்குப் பொருள் இல்லை.

வேர்தேடி எழுதியது:

வெளி அளவுகோல்தானே வேண்டும்? ரீசன் என்பதன் வேர் இலத்தீன் 'ரேஷியோ'. அதன் முதற்பொருள் கணக்கு. 'கணக்கான செலவு' என்று சொல்லிப் பாருங்கள். கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. பாட்டிக்கும் புரியும், வேரும் பொருந்தும். சட்டை கணக்காக இருக்கிறது என்கிறோமே. போகிற போக்கில் இன்னொன்று: நியாயமே 'நயன்' என்ற தமிழ்ச் சொல்லிலிருந்து போனதுதான் என்பது என் நெடுநாள் துணிபு.

பழம்புலவர் எழுதியது:

வடமொழியில் 'நி' என்னும் முன்னொட்டும் செல்லுதல் பொருள் தரும் வினையடியும் சேர்ந்து அங்கேயே நியாயம் பிறந்திருக்கிறது. நேற்று வடசொல் என்று தள்ளியவர் இன்று தத்தெடுக்கிறாரே.

இழப்பீட்டாளர் எழுதியது:

'கணக்கான' எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் பத்திரத்தில் அது ரசீது காட்டிய செலவு என்றே படிக்கப்படும். பம்புக்காரர் அந்த நேரத்தில் ரசீதா எழுதிக்கொண்டிருந்தார்?

தவிர, கூடுதலும் இல்லை குறைவும் இல்லை என்ற துல்லியம் இங்கே கேட்கப்படுவதே இல்லை. ஒரு பழைய ஆங்கில வழக்கு: போர்ச்சுகல் வங்கிக்கு நோட்டு அச்சிட்டுவந்த அச்சகம், போலி உத்தரவை நம்பி அவ்வங்கியின் நோட்டுகளை மோசடிக்காரர்களிடம் ஒப்படைத்துவிட்டது. வங்கி அந்த வரிசையையே திரும்பப் பெற்றது. நல்லது எது, மற்றது எது என்று பிரிக்காமல் வந்த நோட்டுக்கெல்லாம் மாற்று நோட்டு கொடுத்தது. பிறகு இழப்பீடு கேட்டு அச்சகத்தின் மேல் வழக்குப் போட்டது. அத்தனை செலவு எதற்கு என்று அச்சகம் கேட்டது. 1932இல், அப்போது அங்கே இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபையில் மெக்மில்லன் பிரபு சொன்னதன் சாரம்: இக்கட்டை உண்டாக்கியவரே கேட்கிறார் என்பதற்காக, அதில் மாட்டிக்கொண்டவர் எடுத்த நடவடிக்கையைப் பொன் நிறுக்கும் தராசில் போடக் கூடாது.

பழம்புலவர் எழுதியது:

வள்ளுவர் நடுவுநிலைமைக்குச் 'சமன்செய்து சீர்தூக்கும் கோல்' கேட்கிறார். உங்கள் பிரபு தராசே ஆகாது என்கிறார்.

இழப்பீட்டாளர் எழுதியது:

தராசு ஆகாது என்று சொல்லவில்லை ஐயா. விறகு நிறுக்கும் தராசு போதும் என்கிறார்.

மொழிபெயர்ப்பவள் எழுதியது:

இன்று வெள்ளி. தனிமடலில் வந்தவற்றையும் சேர்த்து எண்ணினேன்: நியாயமான 6, தகுசெலவு 2, ஏற்புடைய 1, கணக்கான 1. உற்சாகத்தில் போட்ட வாக்குகளாகத் தெரியவில்லை. ஆளை விட்டால் போதும் என்று போட்டவை.

'நியாயமான செலவு' என்றே அனுப்பிவிட்டேன். முதல் பக்க வரையறையில், அந்தச் சூழலில் செய்யத் தேவைப்பட்டதும் அதே வகை வேலைக்கு அங்கே வழக்கமாகக் கேட்கப்படும் தொகையை மிகாததும் என்று இரண்டையும் பிரித்து எழுதினேன். இரவு நேரத்துக்கு இரவு வாடகைதான் வழக்கம் என்பதால் பம்பு உள்ளே வந்துவிடும் என்று நம்புகிறேன். ஃபேருக்கு 'நடுநிலையான' என்று வைத்துவிட்டேன். முழு நிறைவு இல்லை. ஒப்புதலை 'அன்ரீசனபிளாக' மறுக்கக் கூடாது என்ற இடத்தில் 'தக்க காரணமின்றி' என்று போட்டேன். தகுவுக்கு அந்த ஒரு வாசல் கிடைத்தது, வேர்தேடி ஐயா.

வேர்தேடி எழுதியது:

என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். நாம் அடைமொழியிலேயே நின்றுவிட்டோம். 'செலவு' சரியா என்று எவரும் கேட்கவில்லை. அகப்பாடல்களில் செலவு என்றால் பயணம். 'போகாறு அகலாக் கடை' என்னும் குறளில் வள்ளுவர் பணம் போகும் வழிக்குப் 'போகாறு' என்றுதான் சொல்கிறார். ஆகவே 'தகுபோகாறு'...

இழப்பீட்டாளர் எழுதியது:

ஐயா, தலைவன் புறப்படாமல் தயங்கி நிற்பதற்குச் செலவழுங்கல் என்று துறையே இருக்கிறது. கோரிக்கை வந்ததும் எங்கள் அலுவலகங்கள் செய்வது அதைத்தான். செலவை மாற்றிவிடாதீர்கள். தொடர்வதானால் தலைப்பை மாற்றித் தனி இழையில் எழுதுங்கள்.