டிக்கெட் பணம் இப்போது யார் கையில் இருக்கிறது? சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு கேள்வி

லிந்தாங் மகள்

அனைவருக்கும் வணக்கம். என் அப்பாவுக்கு 71 வயது. பால்மரம் சீவி ஓய்வு பெற்றவர். தாத்தா துறையூர்ப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவர். அந்த ஊர் மண்ணை ஒரு தடவை மிதித்துவிட வேண்டும் என்பது அப்பாவின் நெடுநாள் ஆசை. ஆகஸ்டில் எங்கள் பட்டணத்துப் பயண முகவர் கடையில், கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்குப் போய்வர அப்பா, அம்மா, நான் என்று மூன்று டிக்கெட் எடுத்தோம். ஆளுக்கு 1,380 வெள்ளி (ரிங்கிட்), சேவைக் கட்டணம் ஆளுக்கு 40 வெள்ளி, மொத்தம் 4,260 வெள்ளி. சேமநிதிப் பணத்திலிருந்து ரொக்கமாகக் கொடுத்தார் அப்பா.

டிசம்பர் 20ஆம் தேதி விமானம். ரத்தாகிவிட்டது என்று 11ஆம் தேதிதான் முகவர் சொன்னார். "நிறுவனம் பணம் அனுப்பியதும் தருகிறேன்" என்றார். இன்று பிப்ரவரி 10. விமான நிறுவனத்தை அழைத்தால் "முகவரிடம் கேளுங்கள்" என்கிறார்கள். முகவரிடம் போனால் "நிறுவனம் இன்னும் அனுப்பவில்லை" என்கிறார். போன வாரம் மட்டும், "அவசரம் என்றால் கழிவு போக 3,690 தருகிறேன்" என்றார். நான் யாரைப் பிடிப்பது?

கிராணி வீட்டுப் பிள்ளை

முகவர் கடைக்கு இனிப் போகாதீர்கள். நேராக விமான நிறுவனத்துக்கு எழுதுங்கள். மலேசிய விமானப் பயனீட்டாளர் பாதுகாப்பு நெறிமுறை 2016 முதல் நடைமுறையில் இருக்கிறது. விமானத்தை நிறுவனம் ரத்து செய்தால் மாற்றுப் பயணமா பணமா என்று சொல்லும் உரிமை பயணிக்கு உண்டு. பணம் என்றால் 30 நாளுக்குள் தர வேண்டும். 2024 செப்டம்பர் 2 முதல் விதி இன்னும் இறுகிவிட்டது: ஐந்து மணி நேரம் தாமதமானாலே பயணத்தைக் கைவிட்டு, கட்டிய அதே வழியில் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். உங்களுடையது முழு ரத்து. பதில் வராவிட்டால் மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்திடம் புகார் செய்யுங்கள். முன்பு இதைப் பார்த்துவந்த விமானப் போக்குவரத்து ஆணைக்குழு 2025 ஆகஸ்டு 1ஆம் தேதி அதனோடு இணைந்துவிட்டது.

கடை, இடைத்தரகு, கழிவு எதுவும் உங்கள் பிரச்சினை இல்லை. விமானத்தை ஓட்ட மறுத்தவரே பொறுப்பு.

பழைய டிக்கெட்காரன்

தம்பி சொல்வது சட்டப்படி சரி, நடப்பில் பாதிதான் சரி. நான் ஈப்போவில் 19 ஆண்டுகள் டிக்கெட் போட்டவன். அந்த மேசைக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன்.

முகவர் டிக்கெட் போட இரண்டு வழி உண்டு. ஒன்று, சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் கணக்குத் தீர்ப்பு முறை. பத்துக் கடை விற்ற பணமும் அதன் வழியாக நிறுவனங்களுக்குப் போகும். திரும்பி வருவதும் அந்த வழியில், முகவரின் அடுத்த கணக்கில் கழிக்கப்பட்டு வரும். பயணி நேரே நிறுவனத்தை அழைத்தால், டிக்கெட்டை முகவர் போட்டதால் அவர்களால் அதைத் தொட முடியாது. "முகவரிடம் கேளுங்கள்" என்பது எப்போதும் தட்டிக்கழிப்பு அல்ல. மற்றொரு வழியை மலிவு விலை விமானங்களுக்குப் பயன்படுத்துவார்கள். முகவர் நிறுவனத்தின் இணையத்தளத்திலேயே தம் கடன் அட்டையால் வாங்கிவிட்டு, உங்களிடம் ரொக்கம் பெற்றுக்கொள்வார்.

கொரோனாவுக்காக 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு வந்த பிறகு என் முதலாளி பட்ட பாடு எனக்குத் தெரியும். நிறுவனங்கள் பணத்தை வைத்துக்கொண்டன. வாடிக்கையாளர்கள் எங்கள் மேசையைத்தான் தட்டினார்கள். அவர் வீட்டு நகையை வைத்துச் சிலருக்குப் பணம் கொடுத்தார். சிறிய முகவரைத் திருடன் என்று சொல்வதற்கு முன் அதையும் நினைத்துப் பாருங்கள்.

கிராணி வீட்டுப் பிள்ளை

ஐயா, திருடன் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த நிலைமைக்கும் ஒரு நீதிமன்றம் வழி சொல்லியிருக்கிறது. இந்திய உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபர் 1ஆம் தேதி கொடுத்த தீர்ப்பில், ஊரடங்குக் காலத்தில் முகவர் வழியாக வாங்கிய டிக்கெட்டுக்கு நிறுவனம் பணத்தைத் திருப்பினால் முகவர் அதை உடனே பயணியிடம் சேர்க்க வேண்டும் என்றது. "உடனே" என்ற சொல்லைக் கவனியுங்கள். தவிர, இந்திய விமானப் போக்குவரத்து இயக்ககத்தின் விதியில், முகவரிடம் வாங்கினாலும் பணம் திருப்பும் பொறுப்பு நிறுவனத்துடையது, ஏனென்றால் முகவர் அவர்கள் நியமித்த பிரதிநிதி என்று எழுதியிருக்கிறது. திருச்சிக்குப் போகும் விமானம் அல்லவா?

பழைய டிக்கெட்காரன்

அந்த விதியிலேயே, வெளிநாட்டு நிறுவனங்கள் தங்கள் நாட்டு விதிப்படி பணம் திருப்பலாம் என்றும் இருக்கிறது. ஆகவே அதை இங்கே தூக்கிப் பிடிப்பதால் இந்தத் தங்கைக்குப் பயன் இல்லை. நம் நாட்டு நெறிமுறையே போதும்.

தாமான் அக்கா

இருவரும் விதியைப் பேசுகிறீர்கள். நான் ஊரைப் பேசுகிறேன். அந்தக் கடைக்காரர் யார் என்று பட்டணத்தில் எல்லோருக்கும் தெரியும். தோட்டத்துக் கிழவிகளுக்குக் கடப்பிதழ் படிவம் நிரப்பிக் கொடுத்தவர். டிக்கெட் காசை மூன்று மாதத் தவணையில் வாங்கிக்கொண்டவர். என் மாமியார் காசிக்குப் போனது அவரால்தான். ஈப்போவுக்குப் போகத் தெரியாத, இணையத்தில் ஓர் எழுத்து தட்டத் தெரியாத மனிதர்களுக்கு அந்தக் கடை ஒன்றுதான் கதவு. அவர் மேல் புகார் போட்டுக் கடை மூடினால் நாளைக்கு யாரிடம் போவீர்கள்? பெரியவர்கள் இருவரை அழைத்துக்கொண்டு போய் உட்கார்ந்து பேசுங்கள்.

செம்பனைக் காடு

அக்கா சொல்வதை மதிக்கிறேன். ஆனால் அந்தக் கதவின் சாவி ஒருவரிடமே இருப்பதுதான் சிக்கல். இங்கே நல்லவரா கெட்டவரா என்ற பேச்சே வேண்டாம், பணம் எங்கே நிற்கிறது என்று தெரிந்தால் போதும். தங்கையே, டிக்கெட் தாளைக் கையில் எடுங்கள். 13 இலக்க எண் இருக்கிறதா, ஆறு எழுத்துகளும் இலக்கங்களுமான முன்பதிவுக் குறியீடு மட்டும் இருக்கிறதா? தொடர்புக்கு யாருடைய கைபேசி எண், யாருடைய மின்னஞ்சல்? அதைச் சொன்னால் பாதி விளங்கிவிடும்.

லிந்தாங் மகள்

அப்பா அதைச் சிவப்புக் கடப்பிதழோடு ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து, ரப்பர் வளையம் போட்டு அலமாரியில் பூட்டியிருந்தார். கடையில் கொடுத்த ரசீதில் எழுத்து மங்கிப்போய் "4,260" மட்டும் தெரிகிறது. பயண விவரத் தாளில் 13 இலக்க எண் இல்லை. ஆறு எழுத்துக் குறியீடு மட்டும்தான். மின்னஞ்சல் முகவருடையது. கைபேசி எண்ணும் அவருடையதே. ரத்துச் செய்தி எங்களுக்கு ஏன் வரவில்லை என்பது இப்போதுதான் புரிகிறது.

பழைய டிக்கெட்காரன்

அப்படியானால் நான் சொன்ன இரண்டாவது வழி. இணையத்தளத்தில் தம் அட்டையால் வாங்கியிருக்கிறார். 13 இலக்க எண் இல்லாததால் கணக்குத் தீர்ப்பு முறை இதில் இல்லை. நான் முகவருக்காகச் சொன்ன காரணமும் இதற்குப் பொருந்தாது. நெறிமுறையில் உள்ள "கட்டிய அதே வழி" என்றால் அது முகவரின் அட்டை. உங்கள் அப்பாவின் ரொக்கத்தைப் பற்றி விமான நிறுவனத்துக்கு எதுவும் தெரியாது.

நாளைக்கு மீண்டும் நிறுவனத்தை அழையுங்கள். "பணம் எப்போது வரும்" என்று கேட்காதீர்கள். முன்பதிவுக் குறியீட்டையும் மூவரின் பெயரையும் சொல்லி, பணம் திருப்பப்பட்டுவிட்டதா, எந்தத் தேதியில், எவ்வளவு, எந்த அட்டைக்கு என்று கேளுங்கள். பயணி என்ற முறையில் அதை எழுத்தில் தரச் சொல்லுங்கள்.

கிராணி வீட்டுப் பிள்ளை

ஐயா கேட்கச் சொன்ன கேள்விதான் சரியான கேள்வி. முகவர் கடைக்குப் போகாதீர்கள் என்று முதலில் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன்.

லிந்தாங் மகள்

இன்று காலை 40 நிமிடம் காத்திருந்து பேசினேன். பிறகு மின்னஞ்சல் வந்தது. டிசம்பர் 22ஆம் தேதி 4,140 வெள்ளி, வாங்கிய அதே அட்டைக்குத் திருப்பப்பட்டிருக்கிறது. அட்டையின் கடைசி நான்கு எண்களும் இருக்கின்றன. எங்கள் வீட்டில் யாருக்கும் கடன் அட்டையே கிடையாது.

அப்பாவிடம் காட்டினேன். படித்துவிட்டு, "அவர் மறந்திருப்பார்" என்று மட்டும் சொன்னார்.

தாமான் அக்கா

இதை நான் எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் உங்கள் அப்பா சொன்ன சொல்லைப் பிடித்துக்கொண்டு முதலில் கடைக்குப் போங்கள் அம்மா. அட்டை வைத்திருப்பவருக்கு நூறு கணக்கு ஓடும், கவனிக்காமல் இருக்கலாம்.

செம்பனைக் காடு

ஐம்பது நாள் கவனிக்காமல் இருக்கலாம் அக்கா, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் போன வாரம் "450 வெள்ளி கழித்துக்கொண்டு தருகிறேன்" என்றவர் எதிலிருந்து கழிப்பதாக நினைத்தார்? நிறுவனம் ஒரு சென்கூடக் கழிக்கவில்லை. எனக்குக் கோபம் வருவது அங்கேதான்.

தங்கையே, கடைக்குப் போங்கள், ஆனால் மின்னஞ்சலின் அச்சுப் பிரதியோடு போங்கள். பெரியவர்கள் கூட வரட்டும், சாட்சியாக இருக்கும். எத்தனை நாளில் தருவார் என்பதை எழுதி வாங்குங்கள். தரவில்லை என்றால் பயனீட்டாளர் உரிமைக்கோரல் நடுவர் மன்றம் இருக்கிறது. மனுக் கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரை கேட்கலாம். வழக்கறிஞர் தேவையில்லை, எதிர்த்தரப்பும் வழக்கறிஞரைக் கொண்டுவர முடியாது. பிரச்சினை எழுந்து மூன்று ஆண்டுக்குள் மனு போட்டால் போதும். தீர்ப்பு வந்து 14 நாளில் பணம் தராவிட்டால் அது குற்றம். நான் வீட்டுத் தளவாடக் கடை ஒன்றின் மேல் மனு போட்டு வென்றவன். கேட்பு நாளன்று ஒரு தாள் குறைந்தாலும் நம் பேச்சு எடுபடாது. அதனால் அந்த மங்கிய ரசீதை இன்றே படமெடுத்து வையுங்கள். வெயில் பட்டால் இருக்கிற எழுத்தும் போய்விடும்.

பழைய டிக்கெட்காரன்

ஒன்றைச் சேர்க்கிறேன். முகவருக்குச் சுற்றுலா, கலை, பண்பாட்டு அமைச்சின் உரிமம் இருக்க வேண்டும். 1992 சுற்றுலாத் தொழில் சட்டம் அப்படிச் சொல்கிறது. உரிம எண் பெரும்பாலும் கடைச் சுவரில் தொங்கும், குறித்துக்கொள்ளுங்கள்.

அந்த 120 வெள்ளி சேவைக் கட்டணத்தைக் கேட்காதீர்கள் என்பது என் கருத்து. டிக்கெட் போட்ட வேலை நடந்துவிட்டது.

கிராணி வீட்டுப் பிள்ளை

ரத்துச் செய்தியைத் தன்னிடமே வைத்திருந்தால் அது என்ன சேவை ஐயா? அதற்கும் சேர்த்தே கேட்க வேண்டும் என்பேன்.

லிந்தாங் மகள்

சனிக்கிழமை போனோம். அப்பா, பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற ஆசிரியர், நான். மின்னஞ்சலை மேசைமேல் வைத்தேன். முகவர் நீண்ட நேரம் அதையே பார்த்தார். பிறகு தம் வங்கிக் கணக்கைத் திறந்து, டிசம்பர் வரிசையில் விரலை வைத்து, "வந்திருக்கிறது" என்றார். சத்தம் போடவில்லை, நாங்களும் போடவில்லை. 2,000 வெள்ளியை அங்கேயே மாற்றினார். மீதி 2,140ஐ இம்மாதம் 28ஆம் தேதிக்குள் தருவதாக எழுதிக் கையொப்பமிட்டு, முத்திரை வைத்தார். சேவைக் கட்டணத்தை அப்பா கேட்கவிடவில்லை. உரிம எண்ணைக் குறித்துக்கொண்டேன்.

செம்பனைக் காடு

நல்லது. 28 தாண்டினால் மறுநாளே ஈப்போவுக்கு வாருங்கள், படிவம் நிரப்ப நான் கூட இருக்கிறேன்.

தாமான் அக்கா

அடுத்த தடவை அப்பாவின் டிக்கெட்டில் உங்கள் கைபேசி எண்ணையும் மின்னஞ்சலையும் போடச் சொல்லுங்கள். அந்தக் கடையிலேயே எடுத்தாலும் சரி. என் மாமியாருக்கும் இனி அப்படித்தான் செய்யப்போகிறேன்.

லிந்தாங் மகள்

செய்கிறேன் அக்கா. அப்பா இப்போதே சித்திரையில் போகலாமா என்று கேட்கிறார். உறையையும் ரப்பர் வளையத்தையும் பூட்டாமல் மேசைமேலேயே வைத்திருக்கிறார்.