டர்போ ஜாயின்ட்டில் கறுப்பாகச் சொட்டுகிறது: ஆயிலா, டீசலா, தண்ணீரா?

பழைய_லைன்பம்ப்:
ஆறு சிலிண்டர் டர்போ டீசல் லாரி, லைன் பம்ப் (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி பைப்பில் டீசல் தள்ளுற பம்ப்), ஈ.ஜி.ஆர் (புகையில் கொஞ்சத்தைத் திரும்ப என்ஜினுக்கே அனுப்புற அமைப்பு) கிடையாது. காலையில் ஸ்டார்ட் செய்து ஐட்லிங்கில் விட்டால் கொஞ்ச நேரத்தில் மேனிஃபோல்டும் (எல்லா சிலிண்டர் புகையும் வந்து சேர்ற குழாய்) டர்போவும் (அந்தப் புகையில் சுத்தி என்ஜினுக்குக் காற்றைத் தள்ளுறது) சேரும் இடத்தில் கறுப்பாகக் கசியுது. சைலன்சரின் முன் ஜாயின்ட்டிலும் சொட்டுது. முதலில் வெள்ளைப் புகை, கண் எரிச்சல். லோடு ஏற்றி ஓட்டி சூடானதும் ரெண்டும் நின்னுடுது. டர்போ சீல் போச்சு, டர்போவை மாத்தணும்னு சொல்றாங்க. கழற்றுவதற்கு முன்னாடி என்னென்ன பார்க்கணும்?

ஸ்பேனர்_பெட்டி:
முதலில் சொட்டுவது என்னன்னு தெரியணும். சைலன்சருக்குள்ள எது போனாலும் கரியோடு கலந்து கறுப்பாத்தான் வரும், நிறத்தை நம்பாதீங்க. ஜாயின்ட்டைத் துடைச்சுட்டு, கீழே வெள்ளை அட்டை வெச்சு சில சொட்டு பிடிங்க. ஒரு மணி நேரம் நிழலில் காய விடுங்க.

தண்ணீர்னா காய்ஞ்சு கரித்தூள் மட்டும் நிக்கும், விரலில் வழவழப்பு இருக்காது. இது கோளாறே இல்லை. ஒரு லிட்டர் டீசல் எரிஞ்சா ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியா வெளியேறும்; குளிர்ந்த பைப்பில் அதில் கொஞ்சம் படிஞ்சு சொட்டும். டீசல்னா கறைக்கு வெளியே எண்ணெய் வளையம் அகலமா பரவும், வாசனையே காட்டிக் கொடுக்கும். என்ஜின் ஆயில் பரவாம கெட்டியா நிக்கும். கூலன்ட் பிசுபிசுன்னு ஒட்டும், இனிப்பு வாடை வரும். விஷம், நாக்கில் வெச்சுப் பார்க்கிற பழக்கம் வேண்டாம்.

ஜாயின்ட் போல்ட்டை இறுக்கிட்டு சரியாயிடுச்சுன்னு விட்டுடாதீங்க. சொட்டு வெளியே தெரியாம போகும், அவ்வளவுதான்.

சூடான_மேனிஃபோல்டு:
வெள்ளைப் புகையும் கண் எரிச்சலும் சேர்ந்து வந்து, சூடானதும் நின்னா, நான் டர்போவை கடைசியாத்தான் சந்தேகப்படுவேன். அது எரியாத டீசலோட குணம்.

இடத்தையும் கவனிங்க. டர்பைன் (டர்போவில் புகை சுத்துற சக்கரம்) பக்க சீல் வழியா ஒழுகும் ஆயில் பெரும்பாலும் வாயுவோட ஓட்டத்தில் சைலன்சர் பக்கம்தான் போகும். மேனிஃபோல்டு பக்கமும் ஈரமா இருந்தா திரவம் என்ஜினிலிருந்து வருது. என்ஜின் ஆறினதும் டர்போவுக்குப் பின்னாடி இருக்கிற பைப்பையும், போர்ட் (ஒவ்வொரு சிலிண்டரிலிருந்தும் புகை வர்ற வாய்) தெரிய மேனிஃபோல்டையும் கழற்றி டார்ச் அடிச்சுப் பாருங்க. டர்பைன் வீல் மட்டும் நனைஞ்சு, மேனிஃபோல்டு போர்ட் எல்லாம் உலர்ந்திருந்தால்தான் டர்போ மேல பழி போடலாம்.

அப்பவும் உடனே மாத்த வேண்டாம். டர்போவில் இருப்பது ரப்பர் சீல் இல்லை, பிஸ்டன் ரிங் மாதிரி ஒரு வளையம். உள்ளே போன ஆயில் தடையில்லாம கீழே இறங்கினால்தான் அது தாக்குப் பிடிக்கும். ஆயில் இறங்கும் டிரெய்ன் பைப் கரி பிடிச்சு அடைச்சிருந்தாலோ, நடுவில் தொங்கி வளைஞ்சிருந்தாலோ, சம்ப்பில் (என்ஜின் அடியில் ஆயில் நிக்கிற தொட்டி) ஆயில் அதிகமா இருந்தாலோ, பிரீதர் (உள்காற்றை வெளியே விடுற குழாய்) அடைச்சு கிராங்க் கேஸில் (என்ஜினின் கீழ்க்கூடு) அழுத்தம் ஏறினாலோ புது டர்போவும் ஒழுகும். இந்த நாலையும் பார்க்காம மாத்துறது வீண் செலவு.

பழைய_லைன்பம்ப்:
அட்டையில் அகலமான வளையம், டீசல் வாசனை. பைப்பையும் மேனிஃபோல்டையும் கழற்றிப் பார்த்ததில் 3ஆம் போர்ட் மட்டும் நல்லா ஈரம், மற்றது கரியோடு உலர்ந்திருக்கு. டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் சரியான கோட்டுக்கு மேலே ஏறியிருக்கு.

சூடான_மேனிஃபோல்டு:
அப்போ 3ஆம் சிலிண்டர் குளிர்ச்சியில் எரியல. உறுதி செய்ய, ஆறின என்ஜினை ஸ்டார்ட் செய்து ஓரிரு நிமிஷத்தில் லேசர் தெர்மாமீட்டரால் ஆறு போர்ட்டையும் ஒரே தூரத்திலிருந்து அளங்க. ஒண்ணு மட்டும் தெளிவா பின்தங்கும்.

தெர்மாமீட்டர் இல்லைன்னா ஐட்லிங்கில் ஒவ்வொரு நாசில் (சிலிண்டருக்குள் டீசலைத் தூவுறது) பைப் நட்டையும் அரைச்சுற்று தளர்த்தி, உடனே இறுக்குங்க. எதைத் தளர்த்தும்போது என்ஜின் சத்தம் மாறலையோ அதுதான் வேலை செய்யாத சிலிண்டர். நட்டைத் துணியால் சுத்திக்கோங்க, கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைக்கும். லைன் பம்ப் என்ஜினுக்கு மட்டும்தான் இந்த வழி. காமன் ரெயிலில் (எல்லா நாசிலுக்கும் ஒரே உயரழுத்தக் குழாயிலிருந்து டீசல் போற வகை) செய்யவே கூடாது.

ஆயில் மட்டம் ஏறினது நல்ல அறிகுறி இல்லை. எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியா சம்ப்புக்கு இறங்குது, பேரிங்குக்கு ஆபத்து. கோளாறு சரியானதும் ஆயிலும் ஃபில்டரும் மாத்திடுங்க. அதுவரை நீண்ட ஓட்டம் வேண்டாம்.

நாசில்_டெஸ்ட்:
3ஆம் நாசிலையும் 4ஆம் நாசிலையும் இடம் மாத்திப் போடுங்க. ஈரமும் குளிர்ச்சியும் 4க்குப் போனா நாசில்தான். 3லேயே நின்னா வால்வு கிளியரன்ஸ் (வால்வுக்கும் அதை அமுக்குற பாகத்துக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி) பாருங்க. கிளியரன்ஸ் குறைஞ்சா வால்வு முழுசா மூடாது, கம்ப்ரஷன் கசியும். ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கிற மெல்லிய தகடுகள்) இருந்தா செலவில்லாத வேலை. அதுவும் சரின்னா கம்ப்ரஷன் டெஸ்ட். கம்ப்ரஷனும் நல்லா இருந்தா பம்ப்பில் 3ஆம் லைனின் டெலிவரி வால்வைப் (அந்த லைனுக்கு டீசலை விட்டு, திரும்ப வராம தடுக்கிறது) பாருங்க.

நாசிலை டெஸ்ட் பெஞ்சில் போடும்போது ரெண்டு விஷயம் கேளுங்க. திறக்கும் அழுத்தம்: பல பழைய நேரடி இன்ஜெக்ஷன் என்ஜின்களில் 200 முதல் 250 பார் வரை, சரியான அளவு அந்த என்ஜின் மேனுவலில். அடுத்தது கசிவு: திறக்கும் அழுத்தத்துக்கு 20 பார் கீழே 10 வினாடி பிடிச்சா முனையிலிருந்து சொட்டு விழக்கூடாது. ஸ்ப்ரே புகை மாதிரி வரணும், கோடு கோடா வந்தா தேய்ஞ்ச முனை.

திரும்ப மாட்டும்போது பழைய காப்பர் வாஷர் துளைக்குள்ளேயே ஒட்டியிருக்கும், எடுத்துட்டு புதுசு ஒண்ணு மட்டும் போடுங்க. ரெண்டு சேர்ந்தா நாசில் முனை மேலேறி, ஸ்ப்ரே பிஸ்டன் கிண்ணத்தில் சரியா படாது, மறுபடியும் இதே புகை.

ஸ்பேனர்_பெட்டி:
எல்லாம் சரி செய்தபிறகும் சில நாள் சொட்டும், சைலன்சரில் தேங்கினது வெளியே வரணும். முதல் ஓட்டத்திலேயே முழு லோடு போட்டு ஏத்தம் ஏத்தாதீங்க, தேங்கின டீசல் உள்ளே பத்திக்கலாம். மிதமான லோடில் அரை மணி நேரம் ஓட்டி, பிறகு கூட்டுங்க.

தெர்மோஸ்டாட்டையும் பாருங்க. திறந்தபடியே நின்னுட்டா என்ஜின் சூடே ஏறாது, ஐட்லிங்கில் எந்த நல்ல நாசிலும் ஈரமாத்தான் எரிக்கும்.