ஆலிவ்-அத்திப்பழ விழுது: கரிப்பைக் குறைக்க வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. போர்ச்சுகல் போயிருந்தபோது அலென்தேஜு பகுதியில் ஒரு சின்ன சாப்பாட்டுக் கடையில், சாப்பாடு வருவதற்கு முன்னால் ரொட்டியோடு ஒரு கிண்ணம் கறுப்பு விழுது வைத்தார்கள். ஆலிவும் உலர்ந்த அத்திப்பழமும் சேர்த்து அரைத்தது. முதலில் உப்பு, பின்னாலேயே மெல்லிய இனிப்பு, நடுவில் அத்தி விதைகள் நறநறவென்று கடிபடும். அந்த ருசி இன்னும் நாக்கில் நிற்கிறது.

வீட்டில் செய்து பார்த்தேன். கொட்டை நீக்கிய கறுப்பு ஆலிவ் 200 கிராம், வெந்நீரில் ஊறிய அத்திப்பழம் 6, ஒரு பல் பூண்டு, கொஞ்சம் ஆலிவ் எண்ணெய். ஒரே கரிப்பு. மிக்ஸியில் களி மாதிரி ஒட்டிக்கொண்டது வேறு.

ஆலிவை எவ்வளவு நேரம் தண்ணீரில் போட்டால் உப்பு இறங்கும்? டின்னில் வருபவை பெரும்பாலும் காயாகப் பறித்துக் கறுப்பாக்கியவை. மரத்திலேயே பழுத்ததை வாங்கினால்தான் சரி வருமா? அரைக்காமல் உரலில் இடிக்கலாமா?

அப்புறம், அங்கே செர்பா என்ற செம்மறியாட்டுப் பால் சீஸோடு தொட்டுச் சாப்பிட்டேன், அருமை. சுட்ட இறைச்சி, மீனுக்கும் தடவுவீர்களா? செய்து பழகியவர்கள் அளவோடு சொல்லுங்கள், இந்த வாரமே மறுபடி செய்யப் போகிறேன்.