மாசி, பங்குனியில் மலையில் நின்றவர்கள் எழுதுங்கள்

விக்கிரமசிங்கபுரத்து இளைஞன்

குரூப் 4 தேர்வு எழுதியிருக்கிறேன். வனக்காப்பாளர், வனக்காவலர் பணியிடங்களும் இப்போது அதில்தான் வருகின்றன. கோடைதோறும் எங்கள் மொட்டை மாடியிலிருந்து மலையில் தீ எரிவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். இரவெல்லாம் எரியும், விடிந்தால் புகை மட்டும் நிற்கும். அதை அணைத்தது யார் என்று அந்த வயதில் கேட்கத் தோன்றவில்லை. இப்போது கேட்கிறேன். தீயணைக்கப் போனவர்கள் அங்கே என்ன செய்தீர்கள்? இதை நம்பி வேலைக்கு வரலாமா?

களக்காட்டு வனக்காப்பாளர்

தம்பி, அமெரிக்கா போன்ற நாடுகளில் காட்டுத்தீக்கென்றே படைகள் இருக்கின்றன. நம் வனத்துறையில் அப்படித் தனிப் பணி கிடையாது. வனக்காவலர், வனக்காப்பாளர், வனவர், வேட்டைத் தடுப்புக் காவலர், கோடைக்கு மட்டும் கூலிக்குச் சேர்க்கும் தீத்தடுப்புக் காவலர், இவ்வளவு பேரும் சேர்ந்ததுதான் இங்கே படை. தீயணைப்பு வண்டி அடிவாரச் சாலையோடு நின்றுவிடும். அதற்கு மேல் கால்தான். ஆண்களுக்கு 4 மணி நேரத்தில் 25 கிலோமீட்டர் நடைத் தேர்வு வைப்பது எதற்கென்று, மலை ஏறிய முதல் நாளே எனக்குப் புரிந்துவிட்டது.

நீ மாடியிலிருந்து பார்த்தது வேலையின் கடைசிப் பகுதி. தை பிறந்ததுமே எங்களுக்குத் தீக்காலம் தொடங்கிவிடும். தீத்தடுப்புக் கோடு என்பது தீ தாண்டாதபடி காட்டுக்குள் வெறுமையாக விடும் நீண்ட பட்டை. அதில் வளர்ந்திருக்கும் புல்லைச் செதுக்கி, சருகை வாரி ஒதுக்கி, பனி ஈரம் காயும் முன்பே எரித்துவிடுவோம். நாள் முழுவதும் குனிந்து செய்கிற வேலை. யாரும் படம் எடுக்க வரமாட்டார்கள். ஆனால் அந்த ஆண்டு எங்கள் சரகத்தில் எந்தச் சரிவு பிழைத்தது, எது கருகியது என்று பார்த்தால், தையில் கோடு ஒழுங்காக எடுத்த இடமும் எடுக்காத இடமும் தனித்தனியாகத் தெரியும்.

நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது கோடை. பிற்பகல் ஒரு மணி இருக்கும், கைப்பேசிக்குச் செய்தி வந்தது. டேராடூனில் உள்ள இந்திய வன ஆய்வு நிறுவனம் செயற்கைக்கோள் வழியாகத் தீ இருக்கும் இடத்தைக் கண்டு அனுப்புகிற செய்தி அது. அந்தச் செயற்கைக்கோளுக்கு ஒரு புள்ளி என்பது தரையில் 375 மீட்டர் அகலம். வரைபடத்தில் கைக்கெட்டும் தூரம்தான். நடந்து சேர எங்களுக்கு மூன்று மணி நேரம் ஆனது. ஆறு பேர். ஆளுக்கொரு வெட்டரிவாள், இரண்டு இரும்பு வாரி, தண்ணீர்க் கேன்கள், ஒரு பொட்டலம் புளிச்சோறு.

அந்த ஆறு பேரில் ஒருவர் மலையில் வாழும் காணிப் பழங்குடிக் குடியிருப்பைச் சேர்ந்த பெரியவர். அண்ணாச்சி என்றுதான் எல்லோரும் அழைப்போம். தீ சரிவின் நடுவில் இருந்தது. எதிரே ஆளுயர எலுமிச்சைப் புல். அந்தப் புல்லில் எண்ணெய் இருக்கிறது. பற்றினால் சடசடவென்று வெடித்துக்கொண்டே ஏறும். மேலே ஓடிப்போய்த் தீக்கு முன்னால் புல்லை வெட்டிவிடலாம் என்று நான் இரண்டடி எடுத்து வைத்தேன். அண்ணாச்சி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "தீக்கு மேலே நிற்காதே தம்பி. அது உன்னைவிட வேகமாக ஏறும்" என்றார். பிடி வலித்தது. அவர் விடவில்லை.

அவர் சொன்னபடியே பக்கவாட்டில், எரிந்து கறுத்துப்போன தரைக்குள் நின்றோம். எரிந்த இடம் மறுபடி எரியாது, காட்டில் அதுதான் பத்திரமான இடம். பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. நான் போக நினைத்த இடத்தின் மேல் தீ ஏறிப்போனது. பகலில் வெயில் பட்ட சரிவில் காற்று மேல்நோக்கி வீசும். தீயும் முன்னால் இருக்கிற புல்லைச் சூடாக்கி உலர்த்திக்கொண்டே ஏறும். குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று புல் சரிவில் மலையேற்றக் குழுவினர் தீயில் சிக்கி 20 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்தச் செய்தியைப் படித்தபோது முதலில் என் மணிக்கட்டுத்தான் நினைவுக்கு வந்தது.

புகைக்குள்ளிருந்து பெண் மிளா மான் ஒன்று குட்டியோடு வந்தது. ஆறு பேர் நிற்பதைப் பார்த்தும் விலகவில்லை. பத்தடி தூரத்தில் எங்களைக் கடந்து, நாங்கள் நின்ற கறுப்புத் தரையிலேயே இறங்கிப் போனது.

உச்சியில் எங்கள் தீத்தடுப்புக் கோடு இருந்தது. சுற்றுவழியில் ஏறி, கோட்டின் ஓரமாக எதிர்த்தீ வைத்தோம், அதாவது வருகிற தீக்கு முன்னால் இருக்கும் புல்லை நாங்களே எரித்தோம். கீழிருந்து வந்த தீ அதைச் சந்தித்ததும் தின்பதற்கு ஒன்றும் இல்லாமல் படுத்துவிட்டது. இருட்டிய பின் காற்று திரும்பி மலையிலிருந்து கீழே இறங்கத் தொடங்கியது. பக்கவாட்டில் இருந்த தீயின் உயரம் முழங்காலுக்குக் குறைந்தது. பச்சைத் தழையால் அணைத்தோம். புதிதாக வருகிறவர்கள் தழையை ஓங்கி அடிப்பார்கள். பொறி பறந்து பின்னால் விழும். அமுக்கி, எரிந்த பக்கமாக இழுக்க வேண்டும். தழை வாடியதும் மாற்ற வேண்டும். நைலான் சட்டை வேண்டவே வேண்டாம், உருகித் தோலோடு ஒட்டிவிடும். பருத்திதான்.

மறுநாள்தான் கடினமான நாள் என்பேன். தீ அணைந்தது என்று ஊர் நினைக்கும்போது, நாங்கள் ஒவ்வொரு கட்டையாகப் புறங்கையை அருகில் கொண்டுபோய்ச் சூடு பார்த்துக்கொண்டிருப்போம். யானைச் சாணம் வெளியே சாம்பலாகத் தெரியும், உள்ளே நாள் கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். பொந்து விழுந்த பட்டமரம் புகைபோக்கி மாதிரி இழுத்து எரியும். சரிவில் உருளும் ஒரு கொள்ளிக்கட்டை போதும், கோட்டைத் தாண்டி அடுத்த சரிவைப் பற்றவைத்துவிடும். அன்று மூன்று இடத்தில் மண் போட்டு மூடினோம்.

வரலாமா என்று கேட்டாய். வா. வைகை அணை வனப் பயிற்சிக் கல்லூரியில் சட்டமும் மரங்களும் சொல்லித் தருவார்கள். காற்றை அண்ணாச்சி போன்றவர்களிடம்தான் படிக்க வேண்டும்.

திருக்குறுங்குடிப் பக்கத்து வனக்காப்பாளர் (பெண்)

எனக்கு 4 மணி நேரத்தில் 16 கிலோமீட்டர். தேர்வில் நடந்ததைவிட, அதன் பிறகு பேசியதுதான் அதிகம். நம் மலையில் தானாகப் பற்றும் தீயை நான் இதுவரை பார்த்ததில்லை. மாடு, ஆட்டுக்குப் புதுப்புல் துளிர்க்கட்டும் என்று வைப்பது, பீடித் துண்டு, தேன் எடுக்கப் போனவர் போட்ட பந்தம், எதைப் பார்த்தாலும் பின்னால் ஒரு மனிதர் இருப்பார். எரித்த இடத்தில் மரக்கன்று சாகிறது, புல் மட்டும் முன்னைவிட அடர்த்தியாக வருகிறது. அடுத்த ஆண்டு தீ இன்னும் உயரமாக எரிகிறது. இதை மேய்ச்சல்காரர்களிடம் வழக்குப் போடுவதாக மிரட்டிச் சொன்னால் காதில் ஏறாது. அவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துதான் சொல்ல வேண்டும்.

பங்குனி உத்திரம் எங்களுக்குப் பெரிய சோதனை. சாஸ்தா கோயிலுக்குக் குடும்பம் குடும்பமாக வருவார்கள், சென்னை, மும்பையிலிருந்துகூட. பல கோயில்கள் காட்டு ஓரத்தில், ஓடைக் கரையில். சருகு காய்ந்து கிடக்கும் நேரத்தில் மூன்று கல் வைத்துப் பொங்கல். தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. அது அவர்கள் குலதெய்வம், எனக்கும் அப்படி ஒரு சாஸ்தா இருக்கிறார். ஒரு முறை இளைஞர்கள் சிலர் வேட்டுப் போடக் கட்டு கட்டாகக் கொண்டுவந்திருந்தார்கள். நான் சொல்லச் சொல்லக் கேட்கவில்லை. அவர்கள் ஆச்சி எழுந்து வந்தார். பேரன்கள் ஒவ்வொருவரிடமும் கை நீட்டி, தீப்பெட்டிகளை வாங்கி மடியில் முடிந்துகொண்டார். பொங்கல் இறக்கியதும் அவரே ஓடையில் குடம் மொண்டு வந்து அடுப்பில் ஊற்றி, காலால் கிளறி, மறுபடி ஊற்றினார். வேன் ஏறும்வரை அந்த மடியை அவிழ்க்கவில்லை. அடுத்த ஆண்டு அவர் வரவில்லை. பேரன் ஒருவன் தானாகவே குடத்தோடு போனான்.

கல்லிடைக்குறிச்சிக்காரர்

நான் வேட்டைத் தடுப்புக் காவலர். 11 ஆண்டுகளாகத் தற்காலிகம். எந்தச் சரகம் என்று சொல்லப்போவதில்லை. ஒரு கோடையில் இரண்டு மாதச் சம்பளம் தாமதமாக வந்தது. அந்த இரண்டு மாதத்தில்தான் அதிகத் தீ. சூடான தரையில் நடந்து காலணியின் அடிப்பாகம் கழன்றது. மாற்றுக் காலணி என் காசு. மலையை விட மனம் வரவில்லை, அதனால் இருக்கிறேன். ஆனால் மனம் வரவில்லை என்பதை வைத்தே எத்தனை ஆண்டுகள் ஒருவரிடம் வேலை வாங்குவது? தம்பி, நீ சீருடை போட்ட பிறகு தீ அறிக்கை எழுதுவாய். அதில் ‘பணியாளர்கள்’ என்று ஒற்றைச் சொல்லில் முடிக்காதே. எத்தனை பேர் போனோமோ அத்தனை பெயரையும் எழுது. பணி நிரந்தரம் கேட்டுப் போகும்போது எங்களிடம் காட்ட அந்தக் காகிதம்தான் இருக்கும்.

நடைப் பயிற்சிக்குத் துணை இல்லையென்றால் வா. ஞாயிறு காலை 4 மணிக்கு நான் கன்னடியன் கால்வாய்க் கரையில் நடப்பேன். டார்ச் கொண்டு வா.

விக்கிரமசிங்கபுரத்து இளைஞன்

வருகிறேன் அண்ணாச்சி.