பொருள்: பருமன் அறுவைக்குப் பின் மீண்டும் செய்யும் அறுவை – கலைச்சொல் வேண்டும்

மொழிபெயர்ப்பாளர்:
அன்புடையீர், வணக்கம். உடல் பருமன் அறுவை போதிய பலன் தராதவர்களுக்கு அடுத்துள்ள வழிகளை ஒப்பிட்டுக் காட்டும் கையேடு வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. 'ரிவிஷனல் சர்ஜரி' என்பதில் மூன்று செயல்கள் அடங்குகின்றன: ஒருவகை அறுவையை வேறு வகையாக்குவது, செய்ததிலேயே குறை நீக்குவது, உறுப்பைப் பழைய அமைப்புக்குக் கொண்டுவருவது. 'திருத்த அறுவை' என்று எழுதியுள்ளேன், நிறைவில்லை.

மருத்துவர்:
திருத்தம் என்றதும் முதலில் அறுத்தவர் பிழை செய்துவிட்டார் என்றே நோயாளி எண்ணுவார். ஸ்லீவ் முறையில் இரைப்பையின் 75 முதல் 80 விழுக்காட்டை நீக்கிக் குழல்போல் ஆக்கிய பின்னும் எடை திரும்பலாம், அல்லது நெஞ்செரிச்சல் மிகலாம். இது பெரும்பாலும் எவர் பிழையும் அன்று. எரிச்சலே முதன்மையானால், இரைப்பையைச் சிறு பையாக்கிச் சிறுகுடலோடு இணைக்கும் ரூ-என்-ஒய் பைபாஸுக்கு மாற்றுவது வழக்கம். ஒற்றை இணைப்பு பைபாஸில் பித்தநீர் மேலேறும் வாய்ப்பு உண்டென்பதால் அங்கே தயக்கம் உண்டு. எடையே சிக்கலானால், சிறுகுடலின் பெரும்பகுதியைத் தவிர்க்கும் 'சாடி' (SADI) முறையையும் எண்ணலாம். எடை கூடுதலாகக் குறையும், ஆனால் புரதமும் ஏ, டி, இ, கே வைட்டமின்களும் குறைந்துபோகும் இடரும் கூடும். 'மறு அறுவை' என்பதே போதும்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
மறு என்பது கறையையும் குறிக்கும். நிலவில் இருப்பதும் மறுதான். திருந்து தன்வினை, திருத்து பிறவினை. காடு திருத்திக் கழனியாக்கினர் என்கையில் காட்டின்மீது யார் குற்றம் சுமத்தினார்? செம்மையாக்குதலே அதன் முதற்பொருள். அன்றியும், அறுத்த மறுநாள் குருதி கசிந்து மீண்டும் திறந்தாலும் அது மறு அறுவைதானே?

யாழ்ப்பாண அன்பர்:
எங்களுக்குச் சத்திரசிகிச்சையே பழக்கம். 'அறுவை' என்றால் தமிழகத்துத் திரைப்படப் பகிடிதான் நினைவுக்கு வருகிறது. மீள்பரிசீலனை, மீள்குடியேற்றம் போல 'மீள் சத்திரசிகிச்சை' என்றால் எவருக்கும் விளங்கும்.

மருத்துவர்:
மீள்குடியேற்றத்தில் பழைய இடத்துக்குத் திரும்புதலும் அடங்கியிருக்கிறதல்லவா, ஐயா? ஸ்லீவில் வெட்டி எடுத்த இரைப்பை திரும்பாது. பைபாஸைப் பழைய அமைப்புக்குக் கொண்டுவரலாம். அந்த ஒன்றுக்கே 'மீள்' இருக்கட்டும்.

செவிலியர்:
மொழித்தூய்மையைப் பார்ப்பவர்கள் எங்கள் புறநோயாளிப் பிரிவில் ஒருநாள் அமர்ந்து பார்க்க வேண்டும். பைபாஸ் என்றாலே, இதயத்தில் என்ன கோளாறு என்று வீட்டார் பதறுகிறார்கள். அதை 'இரைப்பை பைபாஸ்' என்றே எழுதுங்கள். 'புறவழி' என்றால் நெடுஞ்சாலைதான் நினைவுக்கு வரும். மறுகூட்டலும் மறுதேர்வும் பள்ளிப்பிள்ளைக்கும் தெரியும், 'மறு' போதும்.

மொழிபெயர்ப்பாளர்:
பெரும்பான்மை 'மறு அறுவை' பக்கம் சாய்வதால் தலைப்பு அதுவே. உடன் எழும் சிக்கலுக்காக மீண்டும் திறப்பது இதில் சேராது என்று முதல் வரியிலேயே வரையறுக்கிறேன். உட்பிரிவுகள் வகைமாற்றம், குறைநீக்கம், மீளமைப்பு. இலங்கைப் பதிப்புக்குச் சத்திரசிகிச்சை. அனைவருக்கும் நன்றி.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
திருத்தம் என்றால் பிழை தொனிக்கிறது என்று விலக்கிய மருத்துவர், குறைநீக்கத்தில் உள்ள குறையை மட்டும் எவ்வாறு ஒப்பினார்? அச்சுக்குப் போகுமுன் விளக்கம் வேண்டுகிறேன்.