டிஷ்வாஷர்: பம்ப் உறுமுகிறது, தண்ணீர் வெளியே போகவில்லை

மூன்றாம்மாடி:

வணக்கம். சென்னை மடிப்பாக்கத்தில் இருக்கிறோம். எங்கள் டிஷ்வாஷருக்கு இரண்டரை வயது, 13 செட் பிடிக்கிற மாடல். திங்கட்கிழமை ராத்திரி சாப்பாடு முடிந்து வழக்கம்போல் போட்டுவிட்டுப் படுத்தேன். காலையில் கதவைத் திறந்தால் அடியில் கலங்கலாகத் தண்ணீர் தேங்கி நிற்கிறது. ஃபில்டர் முழுகிவிட்டது. மேலே கடுகும் எண்ணெயும் மிதக்கின்றன. மேல் தட்டில் இருந்த டம்ளர்களில்கூட பிசுபிசுப்பு.

ஸ்டார்ட் பட்டனை மூன்று விநாடி அழுத்திப் பிடித்தால் தண்ணீரை வெளியேற்றிவிட்டு நிற்கும் என்று கையேட்டில் போட்டிருந்தது. செய்தேன். பம்ப் உறுமுகிறது, தண்ணீர் அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் திரையில் இ24 என்று வந்து நின்றுவிட்டது. டம்ளரால் மொண்டு, மிச்சத்தை ஸ்பாஞ்சால் ஒற்றி எடுத்துவிட்டு, வெறும் மெஷினைக் குறைந்த நேர ப்ரோகிராமில் ஓட்டிப் பார்த்தேன். இந்த முறை பாதித் தண்ணீர் போனது, பாதி நின்றது. அதுதான் எனக்குப் புரியவில்லை. அடைப்பு என்றால் முழுக்க அடைக்க வேண்டாமா?

ஃபில்டரை ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கழற்றி, பழைய டூத்பிரஷால் தேய்த்துக் கழுவுகிறேன். ஹோஸ் எங்கேயும் மடங்கவில்லை, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டேன். சர்வீஸில் கேட்டால் அடுத்த வாரம்தான் ஆள் வருவாராம்.

வீட்டில் ஆறு பேர். எனக்கு வலது மணிக்கட்டில் நரம்பு அழுத்தம். பாத்திரம் தேய்க்கவே கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் இந்த மெஷினை வாங்கினோம். இரண்டு நாளாக என் மாமியார், 74 வயதில், சிங்க் முன்னால் நின்று குக்கரும் கடாயும் தேய்க்கிறார். நான் பக்கத்தில் நின்று துடைத்து அடுக்குகிறேன். மனசு கேட்கவில்லை. நானே செய்து பார்க்கக்கூடியது ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.

கோவைக்காரன்:

அக்கா, மெஷினைத் தொடுவதற்கு முன்னால் சிங்க் பக்கம் பாருங்கள். எங்கள் வீட்டில் இதே கதைதான். ஹோஸை சிங்க்குக்குக் கீழே வேஸ்ட் பைப்பில் ஒரு டீ ஜாயின்ட் (T வடிவ இணைப்பு) போட்டுச் சொருகியிருந்தார்கள். சிங்க்கில் தண்ணீர் நன்றாகவே போனது. அதனால் பைப்பில் கோளாறு இல்லை என்று முடிவு கட்டி ஒரு மாதம் வீணாக்கினோம். கடைசியில் பார்த்தால், ஹோஸ் நுழைகிற அந்தச் சின்ன வாய் மட்டும் நெய்யும் சாம்பார் வண்டலும் சேர்ந்து மெழுகு மாதிரி இறுகிப்போயிருந்தது. விரல் நுழைய வேண்டிய இடத்தில் பென்சில்கூட நுழையவில்லை.

ஹோஸை அங்கிருந்து உருவி ஒரு வாளிக்குள் விட்டு, மறுபடி அந்தப் பட்டனை அழுத்துங்கள். தண்ணீர் பீய்ச்சி அடித்தால் குறை பைப்பில். சொட்டுச் சொட்டாக வந்தால் மெஷினுக்குள்.

நெல்லிக்காய்:

சமையல் சோடாவும் வினிகரும் ஊற்றி அரை மணி நேரம் விட்டுப் பாருங்கள். அதற்கும் போகவில்லை என்றால் சிங்க் அடைப்புக்குக் கடையில் பவுடர் விற்கிறார்களே, அதைப் போட்டு வெந்நீர் விடலாம்.

ஸ்பேனர்63:

அம்மா, அந்தப் பவுடரை மட்டும் தயவுசெய்து போடாதீர்கள். அதில் பெரும்பாலும் காஸ்டிக் சோடாதான் இருக்கும். தேங்கின தண்ணீரில் கலந்தால் சூடேறும், ரப்பர் சீலைப் பதம் பார்க்கும். எல்லாவற்றுக்கும் மேலே, நாளைக்கு ஃபில்டர் உட்காருகிற அந்தக் குழிக்குள் கை விடப்போவது நீங்கள். சோடாவும் வினிகரும் கெடுதல் செய்யாது. ஆனால் ஒரு விதையையோ குச்சியையோ அவற்றால் கரைக்க முடியாது.

நான் 20 வருடத்துக்கு மேல் வாஷிங் மெஷினும் டிஷ்வாஷரும் ரிப்பேர் பார்த்தவன், இப்போது திருநெல்வேலியில் ஓய்வில் இருக்கிறேன். நீங்கள் எழுதியதில் இரண்டு விஷயம் எனக்கு உதவுகிறது. பம்ப் உறுமுகிறது என்றால் கரண்ட் போகிறது, மோட்டார் எரியவில்லை. சத்தமே இல்லாமல் இருந்திருந்தால் நான் வேறு மாதிரிச் சொல்லியிருப்பேன். ஒரு தடவை போகாமல் நின்றது, அடுத்த தடவை பாதி போனது என்றால், அடைத்திருக்கிற பொருள் இடம் மாறுகிறது. கொழுப்பு அப்படி மாறாது. தட்டையான ஏதோ ஒன்று கதவு மாதிரி திறந்து மூடுகிறது என்றே நினைக்கிறேன்.

கோவைத் தம்பி சொன்ன வாளி சோதனை சரியானது. ஒரே ஒரு திருத்தம். வாளியைத் தரையில் வைக்காதீர்கள், சிங்க் பைப்பில் ஹோஸ் சொருகியிருந்த வாயின் உயரத்துக்கு ஒரு ஸ்டூல் மேல் வையுங்கள். தரையில் வைத்தால் ஒரு தடவை ஹோஸ் நிரம்பியதுமே தண்ணீர் தானாக இறங்க ஆரம்பித்துவிடும், பலவீனமான பம்பும் நல்ல பம்ப் மாதிரி தெரியும். என் ஆரம்ப காலத்தில் இதில் ஏமாந்து, நல்லதென்று சொல்லிவிட்டு வந்த வீட்டுக்கு மறுநாள் திரும்பப் போயிருக்கிறேன்.

முடிவைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

மூன்றாம்மாடி:

பார்த்தேன் ஐயா. ஸ்டூலில் வாளி வைத்து, கணவர் ஹோஸைப் பிடித்துக்கொள்ள, பட்டனை அழுத்தினேன். முதலில் ஒரு முழம் பாய்ந்தது, உடனே நூல் மாதிரி ஒழுகி நின்றுவிட்டது. டீ ஜாயின்ட் வாயிலும் விரல் விட்டுப் பார்த்தோம், தாராளமாக நுழைகிறது. அப்படியென்றால் மெஷினுக்குள்தான், இல்லையா? உள்ளே நான் எதுவரை கழற்றலாம்?

ஸ்பேனர்63:

மெஷினுக்குள்தான். முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள், சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. தண்ணீர்க் குழாயையும் மூடிவிடுங்கள். கீழ்த் தட்டை வெளியே எடுத்துவிட்டு, ஃபில்டரைத் திருகிக் கழற்றி, குழியில் உள்ள தண்ணீரை ஸ்பாஞ்சால் ஒற்றுங்கள். வெறுங்கையைச் சட்டென்று விட வேண்டாம். உடைந்த கண்ணாடிச் சில்லு அங்கேதான் போய் உட்காரும். தடித்த ரப்பர் கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

குழியின் ஓரத்தில், பல மாடல்களில் வலது பக்கம், உள்ளங்கையில் பாதி அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் மூடி தெரியும். ஸ்பூன் காம்பை அதன் விளிம்பில் கொடுத்து உள்பக்கமாக நெம்பி மேலே தூக்கினால் வந்துவிடும். பின்னால் சின்ன விசிறி மாதிரி இருப்பதுதான் பம்பின் இம்பெல்லர். விரலால் சுற்றுங்கள். வழுவழுவென்று சுற்றாது, காந்தம் பிடித்துப் பிடித்து விடுவது மாதிரி தடுக்கித் தடுக்கித்தான் சுற்றும். அதைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள், அந்த மோட்டாரின் இயல்பே அப்படித்தான். சுற்றவே மறுத்தால்தான் ஏதோ சிக்கியிருக்கிறது. டார்ச் அடித்து, இறக்கைகளுக்கு நடுவிலும் அதற்கு அப்பால் ஹோஸுக்குப் போகிற துவாரத்திலும் பாருங்கள்.

மூடியைத் திரும்பப் போடும்போது டக்கென்று உட்கார வேண்டும். உட்காரவில்லை என்றால் பம்ப் ஓடும், ஆனால் தண்ணீரைத் தள்ளாது.

மூன்றாம்மாடி:

ஐயா, கிடைத்துவிட்டது!

மூடி வர மறுத்தது, இரண்டு ஸ்பூன் மாற்றினேன். இம்பெல்லர் நீங்கள் சொன்னபடியே தடுக்கித் தடுக்கிச் சுற்றியது. முதலில் ஒன்றுமே தெரியவில்லை. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்த பிறகுதான் அந்தத் துவாரத்தின் வாயில் நீலமாக ஏதோ பளபளத்தது. புருவம் திருத்துகிற ட்வீசரால் இழுத்தேன். பால் பாக்கெட்டின் மூலை! கத்தரியால் முக்கோணமாக வெட்டி எடுக்கிறோமே, அந்தத் துண்டு. கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது. அச்சில் பாதி எழுத்துகூட அழியாமல் அப்படியே இருந்தது. தண்ணீர் தள்ளும்போது துவாரத்தில் போய் ஒட்டிக்கொண்டு, நின்றதும் விலகியிருக்கிறது போல. நீங்கள் கதவு மாதிரி என்று சொன்னது அப்படியே சரி.

அது எப்படிப் போனது என்பதும் தெரிந்துவிட்டது. காலை அவசரத்தில் வெட்டின துண்டு ஈரத்தோடு பால் பாத்திரத்தின் வெளிப்பக்கம் ஒட்டிக்கொள்ளும். ஸ்டீல் பாத்திரத்தின் அடிப்பக்கத்தை யார் பார்க்கிறார்கள்? ஆனால் ஒன்று கேட்க வேண்டும். நடுவில் ஃபில்டர் இருக்கிறதே, அதைத் தாண்டி இவ்வளவு பெரிய துண்டு எப்படிப் போகும்?

ஸ்பேனர்63:

நல்ல கேள்வி, அம்மா. ஃபில்டர் பூட்டியிருந்தால் போகவே போகாது. கழுவிவிட்டுத் திரும்ப வைக்கும்போது வெறுமனே உள்ளே இறக்குகிறீர்களா, இல்லை அம்புக்குறி இரண்டும் நேருக்கு நேர் வரும்வரை திருகுகிறீர்களா?

மூன்றாம்மாடி:

இப்போதுதான் போய்ப் பார்த்தேன். இறக்கிவிட்டுக் கொஞ்சம் திருப்புவேன், அவ்வளவுதான். அம்புக்குறி இருப்பதே எனக்குத் தெரியாது. இரண்டரை வருடமாக வாராவாரம் கழற்றிக் கழுவி, ஒவ்வொரு தடவையும் அரைகுறையாகப் பூட்டியிருக்கிறேன். இப்போது திருகினேன், கடைசியில் ஒரு இறுக்கம் வந்து நின்றது. அந்த இறுக்கத்தை இதற்கு முன் என் கை உணர்ந்ததே இல்லை.

கோவைக்காரன்:

அக்கா, நானும் எழுந்து போய்ப் பார்த்தேன். எங்கள் வீட்டிலும் அரை அங்குலம் விலகித்தான் இருந்தது. ஐயாவுக்கு நன்றி.

ஸ்பேனர்63:

கீழ்த் தட்டை உள்ளே தள்ளுவதற்கு முன்னால் ஃபில்டரின் பிடியைப் பிடித்து ஒரு தடவை மேலே இழுத்துப் பாருங்கள். கையோடு வந்தால் பூட்டவில்லை. வேலைக்கு ஆள் வைத்திருக்கிறவர்கள் இதை அவர்களுக்கும் காட்டிக்கொடுங்கள்.

மூன்றாம்மாடி:

ராத்திரி முழு ப்ரோகிராம் ஓட்டினேன், குக்கர், கடாய், தோசைக் கரண்டி எல்லாம் போட்டு. வாளி இல்லாமல், பழையபடி சிங்க் பைப்பிலேயே சொருகி. தண்ணீர் வெளியேறும்போது சிங்க்குக்குக் கீழே சளசளவென்று கேட்டது. நானும் மாமியாரும் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தோம். டம்ளர்கள் காய்ந்து பளபளவென்று இருக்கின்றன. இ24 வரவில்லை.

ஒரே ஒரு சந்தேகம். ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தால் குழியின் அடியில் இன்னும் கொஞ்சம் தெளிந்த தண்ணீர் நிற்கிறது, அரை டம்ளர் இருக்கும். அதையும் ஒற்றி எடுக்க வேண்டுமா?

ஸ்பேனர்63:

வேண்டாம் அம்மா, அது இருக்க வேண்டிய தண்ணீர். சீல் காய்ந்து போகாமல் அதுதான் காக்கிறது. ஃபில்டரைப் பூட்டிவிட்டுக் கதவைச் சாத்துங்கள்.