புதுப்பிப்பு: வாசலில் வந்து விழும் மஞ்சள் புத்தகம்

கேட்காமலே வாசலில் போட்டுவிட்டுப் போகும் யெல்லோ பேஜஸ் புத்தகத்தை (கடைகள், தொழில்களின் தொலைபேசி எண்களும் விளம்பரங்களும் அடங்கியது) எப்படி நிறுத்துவது என்று போன வருஷம் கேட்டிருந்தேன். சியாட்டில் மழையில் பிளாஸ்டிக் பைக்குள் ஊறி உப்பிக் கிடந்ததே, அதேதான். நின்றுவிட்டது!

விற்பனை அழைப்பு வேண்டாதவர்கள் எண்ணைப் பதியும் டூ நாட் கால் பட்டியலில் சேரச் சொன்னார் ஒருவர். அது அழைப்புகளுக்கு மட்டும்தான், புத்தகத்துக்கு உதவாது. கைகொடுத்தது யெல்லோபேஜஸ்ஆப்ட்அவுட்.காம் (yellowpagesoptout.com) என்ற தளம். இலவசம். ஜிப் கோடைப் போட்டால் உங்கள் பகுதிக்கு வரும் டைரக்டரிகளைக் காட்டும், வேண்டாததை நிறுத்தச் சொல்லலாம். அதில் இல்லாத புத்தகம் வந்தால், உள்ளே முதல் பக்கங்களில் பதிப்பாளரின் எண்ணைத் தேடி நேரே கூப்பிடுங்கள். விநியோகம் தொடங்கிய பிறகு சொன்னால் அந்த முறை எப்படியும் வந்து விழும்.

"நகராட்சியே தடுக்கக் கூடாதா?" என்று கேட்டிருந்தீர்கள். சியாட்டில் முயன்றது. 2010-இல் சட்டம் போட்டு, வேண்டாதவர்கள் பதிய ஒரு பட்டியலும், அதன் செலவுக்குப் பதிப்பாளர்களிடம் கட்டணமும் கொண்டுவந்தது. அவர்கள் வழக்குப் போட்டார்கள். 2012 அக்டோபரில் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், தொலைபேசிப் புத்தகத்துக்கும் பேச்சுரிமைப் பாதுகாப்பு முழுதாக உண்டு என்று சொல்லிவிட்டது; சியாட்டில் சட்டம் விழுந்தது. பிளம்பர் விளம்பரத்துக்கும் அரசியலமைப்புச் சட்டம் காவல்! புத்தகம் போடுமுன் வீட்டாரிடம் சம்மதம் கேட்க வேண்டும் என்று 2011-இல் விதித்த சான் பிரான்சிஸ்கோவின் சட்டமும் நிற்கவில்லை.

அப்புறம், அந்தத் தளத்தில் செய்யும் பதிவு முகவரிக்குத்தான், ஆளுக்கு இல்லை. வீடு மாறினால் புதிய முகவரிக்குத் திரும்பப் பதிய வேண்டும்.